சூசையண்ணனின் பாரும் ஏற்றுமதிச் சட்டமும்

1

நேற்று மறுபடியும் தேறிவிட்டேன். வருடத்துக்கு ஒருமுறை எங்கள் கம்பெனியில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு வகுப்பு எடுக்கிறார்கள். முடிவில் கணினியில் பரீட்சை. பாடம் இதுதான்: இந்த நாட்டிலிருந்து எதையெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. அவர்கள் 'வெளிநாடு' என்று சொல்லும்போதெல்லாம் அது என் வீடுதான் என்று எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. தேறியவர்களுக்குத் திரையில் வண்ணக் காகிதங்கள் பறக்கும். எனக்கும் பறந்தன. என் ஊருக்கு ஒன்றும் அனுப்பமாட்டேன் என்று ஒப்புக்கொண்டதற்கு இவ்வளவு கொண்டாட்டம்!

அமெரிக்காவின் நடுவயிற்றில் இருக்கிறேன். எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் சோளக்காடு. கடற்கரை ஊரான முட்டத்தில் பிறந்தவன், கடலைப் பார்க்க விமானம் ஏற வேண்டிய ஊரில் குடியேறியிருக்கிறேன். எங்கள் கம்பெனி செய்வது இருப்பிடம் காட்டும் பெட்டி. லாரியில் வைத்தால் லாரி எங்கே நிற்கிறது என்று சொல்லும், படகில் வைத்தால் படகு. சொல்வதை வழியில் எவனும் ஒட்டுக்கேட்காமல் இருக்க அதைப் பூட்டி அனுப்பும் மென்பொருள் ஒன்று உண்டு. என்க்ரிப்ஷன் என்பார்கள். நான் பூட்டு என்றே சொல்கிறேன். நல்ல பூட்டு. சாவி இல்லாதவன் எத்தனை கணினியைக் கூட்டிவந்து முட்டினாலும் திறக்காது.

இந்த நாட்டுச் சட்டத்துக்கு இப்படிப்பட்ட வலுவான பூட்டு, பீரங்கிக்கு ஒன்றுவிட்ட தம்பி. வெளியே அனுப்ப வேண்டுமென்றால் யாருக்கு, எதற்கு என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். மூட்டை கட்ட வேண்டாம், கப்பலில் ஏற்ற வேண்டாம். ஒரு பொத்தானை அமுக்கி மின்னஞ்சலில் அனுப்பினாலே ஏற்றுமதிதான். அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. இங்கேயே, இந்த அறைக்குள்ளேயே, ஒரு வெளிநாட்டுக்காரனுக்குப் பூட்டின் உள்வேலையைக் காட்டினாலும் அது அவன் நாட்டுக்கு ஏற்றுமதி செய்ததாகவே கணக்கு.

அந்த வெளிநாட்டுக்காரன் நான்தான். பச்சை அட்டைக்கான வரிசையில் நிற்கிறேன். என் முறை வருவதற்குள் என் மகள் ஜெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிடுவாள் போலிருக்கிறது. அதுவரை வம்பு வேண்டாம் என்று, பூட்டின் உள்வேலை இருக்கும் இடத்தை எனக்கு அடைத்துவைத்துவிட்டது கம்பெனி. என் வேலையோ அதே பூட்டைச் சோதிப்பது. வெளியிலிருந்து ஆட்டிப் பார்க்கலாம், உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது. உட்கார்ந்திருக்கும் நாற்காலி அமெரிக்கா, கட்டுகிற வரி அமெரிக்கா, மண்டைக்கு உள்பக்கம் மட்டும் இந்தியா. இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு சோதனைச் சாவடி போட்டுவிட்டார்கள், மாநில எல்லையில், களியக்காவிளையில் இருப்பதுபோல.

இத்தனைக்கும் அந்தப் பூட்டின் கணக்கில் ரகசியம் ஒன்றுமில்லை. நாகர்கோவில் பக்கத்து எந்தப் பொறியியல் கல்லூரி நூலகத்திலும் அது இருக்கிறது. நான் அதைப் படித்ததே அங்கேதான்.

2

முட்டத்தில் என் அண்ணன் சூசை மீன் பிடிக்கிறான். ஒற்றையாள். சின்ன ஃபைபர் வள்ளம், பின்னால் ஒரு எஞ்சின், கையில் தூண்டில். வெளுக்கும் முன் போனால் உச்சிக்குக் கரை சேர்வான். துணைக்கு ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மைனி ஃபிலோமி, அதாவது அவன் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து கெஞ்சுகிறார். அவன் மாட்டான். காரணம், பார்.

பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டு. நல்ல விலை போகும் கலவா மீனும் விளமீனும் அங்கேதான் அடையும். அண்ணன் தானாக ஒரு பாரைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். கடலில் நின்று கரையைத் திரும்பிப் பார்த்தால், கலங்கரை விளக்கு ஒரு மலைக்கு நேராகவும் ஒரு கோயில் கோபுரம் இன்னொரு மலைக்கு நேராகவும் வருகிற இடம். எந்த மலை, எந்தக் கோபுரம் என்பது அவனுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும். ஆண்டவர் தூண்டில் போடப் போவதில்லை என்பதால் அவர்மேல் அவனுக்குச் சந்தேகம் இல்லை.

கடலில் எல்லோர் கையிலும் வயர்லெஸ் உண்டு. ஒருவன் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். ஆகவே அதில் உண்மை பேசுகிறவன் எவனும் கிடையாது.

"சூசையண்ணே, எங்கன கெடக்கிய?"

"கெழக்க மக்கா. ஒண்ணும் இல்ல, வெறும் வெள்ளம்."

மேற்கே, வள்ளம் நிறைய விளமீனோடு நின்றுகொண்டு இதைச் சொல்வான். கேட்டவனும் எங்கோ நல்ல மீன்மேல் நின்றுகொண்டு, "இஞ்சயும் அப்படித்தான்" என்பான். எங்கள் கடற்கரையின் என்க்ரிப்ஷன் இந்தப் பொய்தான். அதற்கு எந்த அரசாங்கமும் இதுவரை உரிமம் கேட்டதில்லை.

பெண்டாட்டியிடமாவது சொல்லிவைக்கலாமே என்று கேட்பீர்கள். மைனிக்குக் கிளீட்டஸ் என்று ஒரு தம்பி. இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். பெரிய வள்ளம், நாலு ஆள், பேய் மாதிரி ஓடும் எஞ்சின். "அவளுக்கிட்ட சொன்னா அந்திக்குள்ள கிளீட்டஸுக்க எஞ்சின் அஞ்ச நிக்கும்" என்பான் அண்ணன். கட்டில் ஒன்று, கஞ்சி ஒன்று, பார் மட்டும் தனி.

நான் ஊரில் இருந்தபோது இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். தூரத்துக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை. தனியாகப் போகிறவனுக்கு நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டால், அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்த ஒரு மனிதர்கூடக் கரையில் இல்லை. மைனி பயந்ததும் அதற்குத்தான், நான் பயந்ததும் அதற்குத்தான்.

3

போன வருடம் மைனி குளச்சலில் ஒரு கடையில் இருப்பிடம் காட்டும் பெட்டி ஒன்று வாங்கிவிட்டு எனக்குப் படம் அனுப்பினார். பார்த்தால் எங்கள் கம்பெனிப் பெட்டி! என் கையால் சோதித்த சாதனம் என் அண்ணன் வள்ளத்தில் ஏறப்போகிறது என்று பெருமையில் ஆபீஸ் முழுக்கப் படத்தைக் காட்டினேன். பிறகுதான் உற்றுப் பார்த்தேன். அது ஏற்றுமதிப் பதிப்பு.

அனுமதிக்கு அலைய மனமில்லாத எங்கள் கம்பெனி, வெளிநாட்டுக்குப் போகும் பெட்டிகளில் பூட்டைக் கழற்றிவிட்டுத்தான் விற்கிறது. பெட்டி தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கூவிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்கப் போனில் ஒரு செயலி. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், இலவசம்.

அண்ணன் பெட்டியை வள்ளத்தில் கட்டினான். கிளீட்டஸ் செயலியைப் போனில் இறக்கினான். மறுநாள் அண்ணன் பாரை நெருங்கும்போது பின்னால் எஞ்சின் சத்தம். திரும்பிப் பார்த்தால் மைத்துனன். அண்ணன் பாரின் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் நேரே ஓட்டிப்போய், மணல்தரையில் நங்கூரம் போட்டு, உச்சிவரை தூண்டிலை வெறும் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். கிளீட்டஸும் பக்கத்தில் நிறுத்தி உச்சிவரை தூண்டில் போட்டான். இருவருக்கும் ஒரு நண்டுகூடச் சிக்கவில்லை. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவும் இல்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டான்.

"இது என்ன பெட்டி மக்கா? கோயில் மைக்கா? ஊரு முழுக்க வச்சு ஓதுகு!"

"இங்க விக்கிற பெட்டில பூட்டு உண்டுண்ணா. வெளிய அனுப்புததுல கழத்திருவாவ. சட்டம் அப்படி."

"இஞ்ச உள்ளவன் பூட்டினா என்ன செய்வான்? அமெரிக்காவுக்க மீனப் பிடிச்சிருவானா?"

இதற்குப் பதில் அந்த வருடாந்தர வகுப்பில் சொல்லித்தரவில்லை.

நான் ஒரு யோசனை சொன்னேன். பூட்டு மென்பொருளை மட்டும் அனுப்பினால் போதும், அவன் பெட்டியிலேயே அது ஏறிக்கொள்ளும். இடம் பூட்டியபடியே மைனியின் போனுக்கு வரும், ஆனால் மைனியாலும் திறக்க முடியாது. அவன் திரும்ப வேண்டிய நேரம் தாண்டியும் வரவில்லை என்றால் மட்டும் தானாகத் திறக்கும்.

அண்ணன் நன்றாக யோசித்தான். "நான் வந்துட்டா தொறக்கப்படாது."

"தொறக்காது."

"கிளீட்டஸுக்க போன்ல?"

"ஒருக்காலும் தொறக்காது."

"செரி. அப்படின்னா கட்டுகேன். அனுப்புதியா?"

அனுப்புகிறேன் என்றேன். சோதிப்பதற்காகக் கொடுத்த கோப்பு என் கணினியில்தான் இருந்தது. ஜெனியின் பிறந்தநாள் படங்களைவிடச் சின்னது. ஒரே ஒரு பொத்தான். அதை அமுக்கினால் நான் ஆயுத வியாபாரிக்குத் தம்பி முறை, விசா போய்விடும். அனுமதி வாங்கியே அனுப்புவோம் என்று பிரெண்டாவைப் பார்க்கப் போனேன். பூட்டு வரும்வரை பெட்டி வேண்டாமென்று அண்ணன் அதைக் கழற்றி வீட்டில் போட்டான். மைனி அதைப் பின்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்தார்.

4

பிரெண்டா எங்கள் கம்பெனியின் ஏற்றுமதி அதிகாரி. நல்ல மனுஷி. யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் சுட்டுக்கொண்டு வருவார். கேள்வி கேட்க ஆரம்பித்தால் மட்டும் அந்த முகம் மாறிவிடும்.

"இதைக் கடைசியில் பயன்படுத்தப் போகிறவர் யார்?"

"என் அண்ணன். மீனவர்."

"எந்த நிறுவனம்?"

"நிறுவனம், முதலாளி, தொழிலாளி எல்லாம் அவர் ஒருத்தர்தான்."

"எதை மறைக்க விரும்புகிறார்?"

"மீனை."

"யாரிடமிருந்து?"

"மைத்துனனிடமிருந்து."

பிரெண்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அதற்கான கட்டம் அவர் படிவத்தில் இல்லை. 'வர்த்தகப் போட்டியாளர்' என்று தட்டினார். கிளீட்டஸ் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கேள்வியில் வண்டி நின்றது. பயன்படுத்தப்படும் இடம் எது? நாடு, மாவட்டம் எல்லாம் சொன்னேன். போதாதாம். கடல் என்பதால் குறிப்பான இடம் வேண்டுமாம். ஊருக்குப் போன் போட்டேன்.

"எந்த எடத்துலன்னு எழுதணுமாம்ணா."

"கடல்னு எழுது."

"எந்தக் கடல்னு கேக்காவ."

"முட்டத்துக் கடல்னு எழுது."

"அது பத்தாதாம். அந்த எடத்தத்தான் கேக்காவ."

அண்ணன் கத்தினான்.

"ஏலே, ஒனக்குப் புத்தி இருக்கா? அத யாரும் அறியப்படாதுன்னுதான பூட்டு கேக்கேன். அத எழுதிக் குடுத்தாத்தான் பூட்டு தருவானா? ஒனக்க நாட்டுக்காரனுக்கு என்ன பித்தா?"

"அது எனக்க நாடு இல்லண்ணா."

"பின்ன எது ஒனக்க நாடு? அஞ்ச உள்ளவன் ஒனக்குப் பூட்டக் காட்டமாட்டான், இஞ்ச உள்ளவன் ஒனக்குப் பாரக் காட்டமாட்டான். நல்ல பொழப்புதான் போ!"

இரண்டு அரசாங்கமும் சேர்ந்து சொல்லாததை அவன் ஒருத்தன் சொல்லிவிட்டான். எனக்குக் கோபம்தான் வந்தது. அவன்மேல் காட்ட முடியாததைப் பிரெண்டாவின் படிவத்தின்மேல் காட்டி, அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு அனுப்பினேன். விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தது.

இந்தப் பேச்செல்லாம் வீட்டில் ஜெனியின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு. தமிழ் கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். மீன் என்றால் அவளுக்குப் பொட்டலத்தில் வரும் நீளத் துண்டு, அதற்குத் தலை உண்டு என்பதே ஒரு வதந்தி. அவள் சாப்பாட்டு மேசையில் ஒருநாள் அதிசயமாகத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, பெரியப்பா கடத்தல் பண்றாரா?"

"ஏட்டி, யாரு சொன்னா?"

"எங்க இருக்கார்னு சொல்ல மாட்டேங்கிறார். ஒளிச்சு வைக்கணும்கிறார். கவர்மெண்ட் வேற கேக்குது."

விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுத் தன் போனைத் தூக்கிக் காட்டினாள். தோழிகளோடு அவள் அரட்டை அடிக்கும் செயலியில் இதே பூட்டுதான் இருக்கிறதாம். உண்மைதான். முட்டத்துச் சந்தையில் மீன் விற்கும் பெண்கள் மகனுக்கும் மருமகளுக்கும் அனுப்பும் வாட்ஸாப் வசவுகூட இதே வலுவில் பூட்டப்பட்டுத்தான் போகிறது. பெரிய கம்பெனிகள் பூட்டைக் கோடிக்கணக்கில் உலகமெங்கும் இறைத்துவிட்டன, ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. டவர் எட்டாத கடலில் ஒற்றை ஆள் ஒரு பூட்டுக் கேட்டால் மட்டும் எதை ஒளிக்கிறாய் என்று விசாரணை. இதை ஜெனிக்கு என்னால் விளக்க முடியவில்லை. எனக்கே விளங்கவில்லை.

இதற்கிடையில் அண்ணனைப் பற்றி மைனியிடமிருந்து ஒரு நல்ல செய்தி. "அவியளுக்கு இப்பம் பக்தி கூடிப்போச்சு தம்பி. சனிக்கெழம தவறாம பாவசங்கீர்த்தனத்துக்குப் போறாவ. முந்தி ஈஸ்டருக்கே கழுத்தப் பிடிச்சுத் தள்ளணும். அப்படி என்ன பாவம் செய்யாவளோ, தெரியல." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். செய்த பாவத்தைச் சாமியார் காதில் ரகசியமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு அண்ணன் என்ன செய்துவிடப் போகிறான்!

5

ஒரு நாள் காலையில் எழுந்து போனைப் பார்த்தால் மைனி பலமுறை கூப்பிட்டிருந்தார். அங்கே பொழுது சாய்ந்திருந்தது. அண்ணன் உச்சிக்கு வரவில்லை, அந்திக்கும் வரவில்லை.

கிளீட்டஸ் முதல் ஆளாக வள்ளத்தை இறக்கியிருந்தான். பின்னாலேயே வேறு வள்ளங்களும். எங்கே தேடுவது? ஆளுக்கு ஒரு திசை சொன்னார்கள். எல்லாம் அண்ணன் வயர்லெஸ்ஸில் சொன்ன திசைகள். கிழக்கே என்றான், கிழக்கே தேடினார்கள். தெற்கே ஒரு தடவை சொன்னான், தெற்கேயும் போனார்கள். வருடக்கணக்காக அவன் பொத்திப் பொத்திச் சொன்ன பொய் ஒவ்வொன்றுக்கும் ஆட்கள் டீசல் ஊற்றிப் போய் இருட்டில் சூசையண்ணே, சூசையண்ணே என்று கூவிவிட்டு வந்தார்கள்.

நான் ஆபீஸ் போனேன். வீட்டில் இருந்து என்ன செய்ய? அங்கே விடிய வேண்டும், அதற்கு இங்கே முழுப் பகல் கழிய வேண்டும். பகல் முழுக்கப் பூட்டைச் சோதித்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே பூட்டியிருந்தது. ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். பெட்டி கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது, அதற்கான பூட்டு என் கணினியில் கிடக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு காலிக் கட்டம்.

அன்று இரவு முட்டத்தில் நடந்ததை மைனி பின்னால் எனக்குச் சொன்னார். வள்ளம் வரவில்லை என்று கோயில் மைக்கில் அறிவித்ததே ஊர்ப் பாதிரியாரான பங்குச் சாமியார்தான். அறிவித்துவிட்டு நேரே மைனி வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை, பேசவில்லை, தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை. வியர்த்துக்கொண்டு நின்றார். சாமியார் இளவயசு, ஊருக்குப் புதிது. குழித்துறைக்கு மேலே மலைப்பக்கத்து ரப்பர்க்காரர் வீட்டுப் பிள்ளை. திருவிழாவில் கடலை ஆசீர்வதிக்க வள்ளத்தில் ஏற்றியபோது ஆசீர்வாதத்துக்கு முன்பே வாந்தி எடுத்தவர்.

மைனி அவர் முகத்தைப் பார்த்தார். சனிக்கிழமைகள் ஞாபகம் வந்தன.

"சாமி, ஒமக்கு அறியும். அவிய ஒம்மகிட்ட சொல்லியிருக்காவ."

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். "பாவசங்கீர்த்தனத்துல கேட்டத வெளிய சொல்ல எனக்கு அனுமதி கிடையாதும்மா. உயிர் போனாலும் சொல்லக் கூடாது."

"யாருக்க உயிரு போனா?"

சாமியார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மீனு கெடக்க எடம் பாவமா சாமி? அத எப்படி நீரு பாவத்துல சேத்தீரு?"

"நான் சேக்கலம்மா. அவரே சேத்துட்டாரு. ரெண்டு பாவத்துக்கு நடுவுல வச்சுச் சொல்லிட்டுப் போயிட்டாரு."

பாருங்கள் அண்ணனின் சாமர்த்தியத்தை! எந்த நாட்டு அனுமதியும் தேவைப்படாத, எவனாலும் உடைக்க முடியாத பூட்டு பங்குக் கோயிலிலேயே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டான். எங்கள் கம்பெனியில் யாருக்கும் இந்த மூளை கிடையாது. ஒரே ஒரு குறை. சொன்னவனே அனுமதித்தால்தான் சாமியார் வாய் திறக்கலாம், அந்தச் சாவியை அவனே கடலுக்குக் கொண்டுபோய்விட்டான்.

மைனி அழவில்லையாம். "நீரு சொல்லாண்டாம் சாமி. வள்ளத்துல ஏறும்" என்றாராம்.

6

அங்கே வெளுத்தபோது இங்கே சாயங்காலம். சோறு போட்டுவைத்த தட்டு அப்படியே இருந்தது. மைனி கரையில் நின்றபடி போனைக் காதில் வைத்திருந்தார், நான் இங்கே வைத்திருந்தேன். ஜெனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளீட்டஸின் வள்ளத்தில் சாமியார் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜெபமாலை ஒரு கையில், பிளாஸ்டிக் வாளி மடியில். கரை தாண்டியதிலிருந்து வாந்தி. வாந்திக்கு நடுவில் தலையைத் திருப்பிக் கரையைப் பார்ப்பார். கலங்கரை விளக்கையும் மலையையும் மாறி மாறிப் பார்ப்பார். மலை அவருக்குத் தெரிந்த மலை, அதன் அடிவாரத்தில் வளர்ந்தவர், எத்தனை தூரத்திலிருந்து பார்த்தாலும் எந்த முடி எது என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசவில்லை. கையை மட்டும் நீட்டினார். கிளீட்டஸ் அந்தப் பக்கம் திருப்பினான். கொஞ்சம் போனதும் கையை இடதுபக்கம் அசைத்தார். மறுபடி திருப்பினான். பின்னால் ஊர் வள்ளங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

அண்ணன் பாரின்மேல் நங்கூரம் போட்டுக் கிடந்தான். எஞ்சின் செத்துப்போயிருந்தது. உதடு வெடித்து, கண் உள்ளே போய், எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடந்தவன், பக்கத்தில் வந்த மைத்துனனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை இது:

"ஏலே, ஜிபிஎஸ்ஸ அணைலே!"

கிளீட்டஸ் அணைக்கவில்லை. வள்ளத்திலிருந்து வள்ளத்துக்குத் தாவி அவனைக் கட்டிப்பிடித்து அழுதான்.

வயர்லெஸ்ஸில் கூப்பிட்டிருக்கலாமே என்று கரையில் எல்லோரும் கேட்டார்கள். கருவி வேலை செய்துகொண்டுதான் இருந்தது, சாயங்காலம் வரை சார்ஜும் இருந்தது. மறுநாள் நானும் கேட்டேன்.

"கூப்பிட்டா எங்கன கெடக்கன்னு கேப்பானுவல்லா மக்கா" என்றான், என் அறியாமைக்காகப் பரிதாபப்பட்டு. "காத்து மாறுனா கர பக்கம் ஒழுகிப் பெய்ட்டு, அஞ்ச வச்சுக் கூப்பிடலாம்னு இருந்தேன்."

"செத்துப்போயிருந்தா?"

"செத்தா பாரு எதுக்கு?" என்றான். பிறகு அவனுக்கே அது இடித்திருக்க வேண்டும், கொஞ்சம் சிரித்தான்.

பார் போயிற்று. அடுத்த வாரம் அங்கே வள்ளங்கள் சந்தை மாதிரி நின்றன. பிரெண்டா மறுபடி அந்தக் கட்டத்தைக் கேட்டு எழுதியிருந்தார். இந்த முறை நிரப்ப முடிந்தது. ஊரில் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லுகிறானே! நிரப்பி அனுப்பினேன். அனுமதி வந்தது. வாழ்த்துகளுடன் வந்தது. அண்ணனிடம் சொன்னேன்.

"இனி என்னத்துக்குப் பூட்டு? உள்ள என்ன இருக்கு பூட்டதுக்கு?" என்றான். பெட்டி இன்னும் பின்கதவுக்குத்தான் முட்டுக் கொடுக்கிறது.

மழை ஓய்ந்தபின் ஒரு நாள் அவனாகவே கூப்பிட்டான். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"மக்கா, ஒண்ணு கெடச்சிருக்கு. முந்தினதவிட நல்ல பாரு. ஒனக்கிட்ட சொல்லி வைக்கேன். நான் வராட்டா மட்டும் நீ ஒனக்க மைனிகிட்ட சொல்லணும்."

"சாமிகிட்ட சொல்லப்படாதா?"

"சாமி நல்லவருதான். வாயத் தொறக்கல, அதுல குத்தம் சொல்ல ஏலாது. ஆனா கை நீண்டுபோச்சே."

"அப்பம் எனக்கிட்ட மட்டும் எப்படி நம்பிச் சொல்லுக?"

அவன் யோசிக்கவே இல்லை. "நீ கடலுக்கு வரமாட்டல்லா? லீவுக்கு வந்தாலும் வெயிலுன்னு சொல்லி ஃபேனுக்க கீழ கெடப்ப. பத்து நாள்ல பெய்ருவ. நீ இனி இஞ்ச வரப்போற ஆளு இல்ல மக்கா. ஒனக்கிட்ட இருந்தா அது எங்கயும் போவாது."

திட்டுவதற்காகச் சொல்லவில்லை. என்னை நம்புவதற்கான காரணத்தைச் சொன்னான். இத்தனை வருடம் நான் அனுப்பிய பார்சல்களும் சாக்லேட்டும், அடுத்த வருடம் வந்துவிடுகிறேன் என்ற பேச்சும், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவன் வந்து சேர்ந்த முடிவு இது.

எழுதிவைக்கக்கூடாது என்றான். கலங்கரை விளக்கு எந்த மலைக்கு நேரே, கோபுரம் எந்த மலைக்கு நேரே என்று நிதானமாகச் சொன்னான். திருப்பிச் சொல்லச் சொன்னான். சொன்னேன். "செரி, வச்சுக்கோ" என்று போனை வைத்துவிட்டான்.

நேற்றைய பரீட்சையில் அந்தக் கேள்வி மறுபடி வந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் இந்த நாட்டில் உட்கார்ந்து ஒன்றைத் தெரிந்துகொண்டால், அது எந்த நாட்டுக்குப் போனதாகக் கணக்கு? அவர் நாட்டுக்கு என்ற விடையைத் தொட்டேன். சரி என்று பச்சை விளக்கு எரிந்தது. இத்தனை வருடம் நான் வைதுகொண்டிருந்த அந்தச் சட்டப்படி, என் மண்டைக்குள் இருக்கும் பார் இன்னும் முட்டத்திலேயேதான் இருக்கிறது, அதை வைத்திருக்கும் நானும்தான். அதைச் சொல்லி அண்ணனிடம் வாதாட முடியாது, அவன் சிரிப்பான்.

இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் முதலில் போனைத்தான் எடுக்கிறேன். மைனியின் செய்தி வந்து கிடக்கும்: கர சேந்தாச்சு. அதைப் பார்க்கும் வரை, கண் திறக்காமல், இரண்டு மலையையும் விளக்கையும் கோபுரத்தையும் ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். இன்றுவரை மைனியிடம் சொல்ல வேண்டி வரவில்லை.